எதிர்க்கடைக்காரியும் என் சந்தனப் பொட்டும்

குடவாசலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். எதிரே கவிதா புதிதாக இதே மாதிரிக் கடை திறந்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், பயிர்க் காப்பீடு பதிய விவசாயிகள் வந்து நின்ற நேரத்தில் என் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. கேபிள் இணைக்கப்படவில்லை என்றே காட்டியது. பிடுங்கிச் செருகினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்து, தெருவிலேயே கத்தினேன்: "என் லைன்ல கை வச்சியா?"

கவிதா தன் கடையிலிருந்து ஒரு கேபிளைக் கொண்டுவந்து மாட்டினாள். கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது, நெட் வந்துவிட்டது. பிறகு என் கேபிளின் முனையை என்னிடம் நீட்டினாள். உள்ளே கம்பிகள்மேல் காய்ந்த சந்தனம்.

"இதுக்குமா பொட்டு வச்சீங்க, அக்கா?"

பூஜைக்காகக் கழற்றித் துடைத்தபோது நான்தான் வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் பொட்டு மானிட்டர் விளிம்போடு சரி. அவள் கடையில் கூட்டம் சேர்ந்தால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் நெட் நின்றால், எதிரே முறைப்பதற்கு முன் குனிந்து அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துவிடுகிறேன். மாட்டியிருப்பது இன்னும் அவள் கொடுத்த கேபிள்தான்.