மூன்றாவது பெயருக்கான இடம்

சமையலறை மேசையில் மாலக்கி, மகள் நுவாலா ஐரிஷ் நடனப் போட்டியில் வென்ற வெள்ளிக் கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வென்றவர் அதை ஓராண்டு வைத்திருந்துவிட்டு, அடுத்த போட்டியன்று பளபளப்பாகத் திருப்பித் தர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை வென்றால் கோப்பை சொந்தம். நுவாலா அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாணத்தில் ஏழு முறை வென்றவள், இந்தக் கோப்பைக்குரிய உலகப் பட்டத்தைக் கடந்த இரண்டு ஆண்டும். மூன்றாவது போட்டி இன்று மதியம், லிமரிக் நகரில்.

காலுறை நழுவாதிருக்க நுவாலா கெண்டைக்காலில் பசை தடவினாள். வலது பாதம் வீங்கியிருந்தது.

"டாக்டர் கடுதாசியை உன் ஷூ பைக்குள்ள பாத்தேன். எலும்புல விரிசலாமே?"

"மயிரிழைதான்ப்பா. நீங்க தேய்ங்க, அடியில இன்னும் கறுப்பு இருக்கு."

"இதுக்கு மேல தேய்ச்சா உன் பேரே அழிஞ்சுடும். இன்னிக்கு ஆடினா முழுசா உடையும்னு எழுதியிருக்காரும்மா."

"ரெண்டு நிமிஷ ஆட்டம். இறங்கினப்புறம் உடையட்டும்."

கோப்பையில் இரண்டு முறை பொறித்திருந்த அவள் பெயருக்குக் கீழே, வெறுமையாக இருந்த இடத்தில் மாலக்கியின் கட்டைவிரல் நின்றது.

"அப்புறம் ஆடவே முடியாம போனா என்னம்மா பண்ணுவே?"

நுவாலா ஷூ பையைத் தோளில் மாட்டினாள். அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு, நொண்டாமல் நடந்து வெளியே போனாள்.