முகம் காட்டிக் கேட்ட கேள்வி

ஓர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'என் வழிகாட்டுதலில் நடந்தது' என்று கையெழுத்திடுகிறவர் எதற்குச் சாட்சி சொல்கிறார்? மாணவன் உழைத்தான் என்பதற்கா, அவன் கண்டது உண்மை என்பதற்கா? சுகிர்தா எத்தனையோ முறை அந்தக் கையெழுத்தைப் போட்டவர். இரண்டும் வேறு என்று யோசிக்க நேர்ந்தது ஒருமுறைதான்.

சங்கரன்கோவிலிலிருந்து பஸ் பிடித்து ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்குத் தினமும் போய்வரும் இணைப் பேராசிரியர் அவர். சமூக மருத்துவத் துறை. கொஞ்ச காலம் இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாம் என்று சேர்ந்தவர். அவரிடம் முதுநிலை படித்தவர்கள் வெளியூர்களில் பேராசிரியர் ஆகிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போது, "மேடம், இன்னும் இங்கனதான் இருக்கீங்களா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். பதவி உயர்வுக்கு இன்னும் ஒரு கட்டுரை அச்சாக வேண்டும். அது மாணவன் பிரவின்ராஜின் ஆய்விலிருந்து வரவேண்டியது.

விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது எந்த அளவு மந்தமாகிறது என்பது ஆய்வு. எல்லோரையும் கருவி வைத்துச் சோதிக்க வசதி இல்லை. அதனால் சுகிர்தா ஒரு முறை வகுத்தார்: முதலில் எதிரே உட்கார்ந்து சில கேள்விகள்; தடுமாறுகிறவர்களுக்கு மட்டும் கருவி. பிரவின்ராஜ் வெயிலில் தறிக்கூடம் தறிக்கூடமாக அலைந்தான். தடுமாறியவர்கள் மிகச் சிலர். எதிர்பாராத முடிவு என்று துறையே மகிழ்ந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்துக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து அண்ணன் தாவீது சாப்பிட வந்தார். தறி ஓட்டுகிறவர், ஆய்வில் 'குறை இல்லை' என்று பதிவானவர்களில் ஒருவர். சுகிர்தா அலமாரிப் பக்கம் திரும்பித் தட்டை எடுத்தபடி, "அண்ணே, மீன் கொழம்பு ஊத்தவா, ரசமா?" என்றார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். இல்லை. திரும்பி அதே குரலில் கேட்டதும், "கொழம்பே ஊத்துட்டி" என்றார் தாவீது.

"ரெண்டு தடவ கேட்டேனே?"

"எங்க கேட்ட? மூஞ்சியக் காட்டாம பேசினா எவனுக்குக் கேக்கும்? தறி ஓடுதப்ப நாங்க வாயப் பாத்துல்லா பேசுதோம். டீக்கடையில வடை தீந்துட்டுன்னு அந்தக் கோடியில ஒருத்தன் உதட்டப் பிதுக்குவான், இந்தக் கோடியில எனக்கு வயிறு எரியும்."

அவர் சிரித்தார். சுகிர்தா தட்டோடு நின்றுவிட்டார். எதிரே உட்கார்ந்து கேட்கச் சொன்னது அவர்தான். சிறுவயதில் அப்பாவோடு தறிக்கூடத்தில் உதட்டை மட்டும் அசைத்துப் பேசியவரும் அவர்தான். படித்த முறை, பழகியதை மறைத்துவிட்டது.

மறுநாள் பிரவின்ராஜை அழைத்தார். "எல்லாரையும் மறுபடி பாக்கணும். பின்னால நின்னு கேக்கணும்."

"வெளையாடுதீங்களா மேடம்? இந்த வாரம் குடுக்கலன்னா பரீட்சைக்கு விட மாட்டாங்க. ஆறு மாசம் போயிரும்." பிறகு மெதுவாக, "நீங்க சொல்லிக் குடுத்த முறைதான. நான் ஒண்ணும் மாத்தலியே" என்றான்.

"மாத்தலப்பா. அதான் செரமமே."

துறைத் தலைவர் ராஜகுமாரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பையன் வாழ்க்கையப் பாரு சுகிர்தா. ஒன் ப்ரமோஷனையும் பாரு. எந்த ஆய்வுலதான் கொறை இல்ல?"

மறுத்தால் சுகிர்தாவின் தவறுக்குப் பிரவின்ராஜ் தண்டனை அனுபவிப்பான். கையெழுத்திட்டால், காது மந்தமான மனிதர்களுக்கு நன்றாகக் கேட்கிறது என்று பதிவாகும். மூன்றாவது வழி ஒன்றை அந்த வாரம் முழுக்க பஸ் ஜன்னலோரம் தேடினார். இருந்திருக்கலாம், அவருக்குத் தென்படவில்லை.

கையெழுத்திட்டார். பிரவின்ராஜ் தேறினான். கட்டுரையை அவர் எங்கும் அனுப்பவில்லை. இணைப் பேராசிரியராகவே நின்றார். இதைத் தியாகம் என்பது அவசரம். ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. தாவீதின் காது அதில் இன்னும் பழுதில்லாமல் இருக்கிறது. பிழையைத் திருத்த வேறு ஆய்வையும் அவர் தொடங்கவில்லை.

அடுத்த ஆண்டு புது மாணவர்களைப் பிரித்துக் கொடுக்கும் நாளில், வழிகாட்டிகளில் தன் பெயர் வேண்டாம் என்றார். கோபமா, உடம்புக்கு முடியவில்லையா என்று ராஜகுமாரி மாற்றி மாற்றிக் கேட்டார்.

"கிளாஸ் மட்டும் எடுக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, சுகிர்தா பஸ்ஸுக்குக் கிளம்பினார்.