எர்மினியா கழற்றிய பை

எர்மினியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வட கரோலினாவின் புகையிலைக் காட்டில் பதினாறு வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். விடியற்காலையில் வேன் ஏறுமுன் இரண்டு சிகரெட், மத்தியானச் சாப்பாட்டோடு இன்னொன்று. "எனக்கு ஒரு நாளாவது தலைவலின்னு வந்திருக்கா?" என்று பெருமையடித்து அடித்தே, அடுத்தவர் தலைவலியை நம்பாதவளாகிப் போனாள்.

அந்த ஜூலையில்தான் மூத்த மகள் யரேலியை முதன்முதலாகக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆகஸ்டில் யரேலிக்குப் பதினைந்து வயது நிறைகிறது. மெக்சிகோ வீடுகளில் பெண்ணுக்கு அது கல்யாணத்துக்குச் சமானமான விழா. கோயிலில் பூசை, வெள்ளை கவுன், எல்லார் முன்னாலும் அம்மா கையால் தலையில் கிரீடம். கவுனைத் தைக்கப் போகிறவள் யரேலியின் ஞானத்தாய் சொகோரோ.

காலையில் புகையிலைச் செடி முழுக்கப் பனி சொட்டும். அதற்காகவே ஆட்கள் பெரிய கருப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வார்கள். யரேலியும் மாட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் பத்து மணிக்கு நெற்றியைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, தலை வெடிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"வராம என்ன செய்யும்? பிளாஸ்டிக்குக்குள்ள கிடந்து சோளக் கொழுக்கட்டை மாதிரி வேகுற. கழட்டு அதை."

"நனைஞ்சிடுவேனேம்மா."

"நனைஞ்சா கரைஞ்சா போயிடுவ? பெரிய வெல்லக்கட்டி!"

பையைத் தலைவழியே உருவி எறிந்தவள் எர்மினியாதான். மகள் வெந்துபோகிறாளே என்ற பாசத்தில்தான் செய்தாள். பாசத்தில் செய்தால் பாவம் இல்லாமல் போய்விடுமா என்ன?

அதற்கப்புறம் தினமும் இதே கதை. சட்டை தொப்பலாக நனையும். ஒன்பது மணிக்குத் தலைவலி, பத்து மணிக்கு வாந்தி. வீட்டுக்கு வந்தால் காபி வாசனையே ஆகாது, தட்டைத் தள்ளிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேறி, தம்பிகளோடு ஆட்டம் போடுவாள். திங்கள்கிழமை மறுபடியும் வாந்தி. ஞாயிற்றுக்கிழமை காட்டு வேலை இல்லை என்பது எர்மினியாவின் மண்டையில் ஏறவேயில்லை. மூன்று பிள்ளை பெற்றவள் அல்லவா, அவளுக்குத் தெரியாததா! இது மசக்கைதான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் மகளை மறித்து நின்றாள்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"முழுகாம இருக்கியே, அதுக்குக் காரணமானவன்!"

யரேலி விழித்தாள். புரிந்ததும் சிரித்துவிட்டாள், வெறும் திகைப்புச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் அடி விழுந்தது. காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்த தலையில், பொட்டிலேயே விழுந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி பெண் தரையில் சரிந்தாள். எர்மினியா அவளைத் தாண்டிப் போய் போனை எடுத்தாள்.

"சொகோரோ, துணியை வெட்டாத. வெள்ளை போடுற யோக்கியதை அவளுக்கு இல்ல."

"என்னடி உளறுற? நம்ம யரேலியா?"

"நம்ம யரேலியேதான். அவ வயித்தைக் கேளு, சொல்லும்."

மகள் காதில் விழட்டும் என்றே கத்தினாள்.

அன்றோடு யரேலி பேச்சை நிறுத்தினாள். வேன் ஏறினாள், பை இல்லாமல் நனைந்தாள், வாந்தி எடுத்தாள். நான்காம் நாள் செடிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். அன்று மத்தியானமே எர்மினியா அவளைக் கோயில் பின்னால் வந்து நிற்கும் வைத்திய வேனுக்கு இழுத்துப்போனாள். அங்கே நீவெஸ் என்ற நர்ஸ் இருந்தாள்.

"எத்தனை மாசம்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள் எர்மினியா, எடுத்த எடுப்பில்.

நீவெஸ் சோதித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே."

"சரியாப் பாருங்க."

இன்னொரு தடவையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு யரேலியின் உள்ளங்கையைத் திருப்பினாள். தார் பூசினாற்போல் கருப்புப் பிசின்.

"தலைவலி எப்ப வருதும்மா?"

"பனி காயறதுக்குள்ள."

"ஞாயித்துக்கிழமை?"

"வராது."

"இது இலை பண்ற வேலை," என்றாள் நீவெஸ். "ஈர இலையிலேருந்து நிக்கோட்டின் தோல் வழியா உள்ள இறங்குது. வெறும் கையில பட்டாலே தலை வலிக்கும், சட்டையும் நனைஞ்சா கேக்கவே வேண்டாம். சின்ன உடம்பு, தாங்கல. அந்த ஈரம் படாம இருக்கத்தானே எல்லாரும் பை போடுறாங்க? நீ ஏன் போடல?"

மகள் சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று எர்மினியா காத்திருந்தாள்.

"வெக்கையா இருந்துச்சு," என்றாள் யரேலி. "நானேதான் கழட்டிட்டேன்."

காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எர்மினியாவுக்கு.

"எனக்கு இப்படி வந்ததே இல்லையே," என்று முனகினாள்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

தலையாட்டினாள்.

"உங்க உடம்புக்கு அந்த விஷம் பழகிப்போச்சு. அவளுக்குப் பழகல."

மறுநாளிலிருந்து மகளைக் காட்டுக்கு அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் வாசலில் அத்தனை பெண்கள் முன்னால் சொகோரோவை நிறுத்தினாள்.

"என் மக மேல நான் சொன்னது அபாண்டம். பாவி நான். துணியை வெட்டிடு சொகோரோ."

"அன்னிக்கே வெட்டிட்டேன்டி," என்றாள் சொகோரோ. "உன் பேச்சை யாரு நம்பினா? அவளை எனக்குத் தெரியாதா?"

எர்மினியா அங்கேயே குறுகிப்போனாள். நாலு பேர் திட்டியிருந்தால்கூட இப்படிச் சுட்டிருக்காது. பெற்றவள் நம்பாததை அடுத்த வீட்டுக்காரி நம்பியிருக்கிறாள்!

வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சிடு தாயி."

"மன்னிச்சுட்டேன்மா," என்றாள் யரேலி. "ஆனா கிரீடத்தை மட்டும் நீ வைக்க வேண்டாம்."

"ஏன் கண்ணு?"

"தலை வலிச்சப்ப அந்தக் கைதானே அடிச்சுது."

எர்மினியா "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

விழா அன்று கிரீடத்தை எடுத்தவள் சொகோரோ. கொண்டை ஊசியைச் செருகும்போது குனிந்து, "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

"இல்ல," என்று யரேலி சிரித்தாள்.

முன் வரிசையில் எர்மினியா கைகளை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை சோப்பு போட்டும் நகக்கண்ணில் பிசின் போகவில்லை. அந்த ஒரு கேள்வியை ஜூலை முழுக்க அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.