தடைக்காலமும் மாவுக்கட்டும்

எலும்பு டாக்டருக்கு உடைந்த எலும்பைக் கண்டு பயமில்லை, அது கூடிய பிறகு வரும் வக்கீல் நோட்டீஸைக் கண்டுதான் பயம். சக டாக்டர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நோட்டீஸ்

கடலூர் முதுநகரில் என் கிளினிக். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிய போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது விழுந்து, மணிக்கட்டு முறிந்து வந்தார் வேலாயுதம். எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டேன். நான் சொல்லும்வரை பிரிக்கக் கூடாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. என் கவனக்குறைவால் கை கோணலாகிவிட்டதாம்.

எங்கள் நர்ஸ் மல்லிகாவுக்கும் வேலாயுதத்தின் மீனவர் குப்பம்தான். விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்: "தடைக்காலம் முடிஞ்சிடுச்சின்னு கட்ட கடத்தண்ணியில ஊற வச்சிப் பிச்சிப் போட்டுட்டு, வலை இழுக்கப் போயிட்டாராம் சார்!"

சமரசம்

என்னோடு படித்தவன் ஒருவன் சிதம்பரத்தில் டாக்டர். எதையாவது கொடுத்து முடித்துவிடு என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு, அப்புறம் எந்த முகத்தோடு இன்னொருவர் கையைப் பிடிப்பேன்? கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"தோத்துட்டன்னா கிளினிக்குக்கு ஈ காக்கா வராது மச்சான்!"

இடையில் ஒரு கால்

கேஸ் நடக்கும்போதே வேலாயுதத்தின் மனைவி செல்வி, கால் பிசகிய மகளைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வெளியே போகச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. குழந்தை அழுதது. கட்டுப் போட்டேன். என் மேல் கேஸ் போட்டுவிட்டு இங்கே எப்படி வந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"கேசு கோர்ட்டுல கெடக்குது சார். புள்ளைக்கு இங்கதான வலிக்குது?"

கூண்டில்

நுகர்வோர் கோர்ட்டில் என் வக்கீல் வேலாயுதத்திடம் கேட்டது ஒரே கேள்வி: கட்டைப் பிரித்தது யார்? அவருடைய வக்கீல் கண்ணைக் காட்டினார். வேலாயுதம் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நான்தாங்கய்யா பிச்சேன். எல்லாப் போட்டும் கடலுக்குப் போவுது, நான் மட்டும் கரையில குந்திகினு இருக்கவா?"

வாசலில்

கேஸ் தள்ளுபடி ஆனது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி வெளியே வந்தால், எனக்கு முன்னால் அந்தக் கோணல் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"தப்பு எம்மேலதான் சார். இத நேராக்க முடியுமான்னு பாருங்களேன்."

ஆபரேஷனுக்கு அடுத்த தடைக்காலத்தின் முதல் நாளையே குறித்துக் கொடுத்துவிட்டேன். என் பேச்சுக்கு அடங்காத கை, அரசாங்க உத்தரவுக்காவது கரையில் கிடக்கட்டும்.