இரண்டாவது ரிமோட்

மாமா காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டவைத்திருந்த சின்னத் திரையில் எங்கள் தெருவின் பின்பக்கம் தெரிந்தது. ஒரு ஆடு, ஒரு சைக்கிள், எங்கள் வீட்டு வாசல். மாமா எதையும் மலிவாக முடிப்பவர் என்பதால் திரைக்குப் போகும் ஒயரை யாரும் மறைத்து ஓட்டவில்லை, என் முழங்கால்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை மஞ்சள். எங்கள் வீட்டு டிவி கேமிலிருந்து டிவிக்குப் போகும் ஒயரின் முனையும் மஞ்சள். ஆட்டைக் காட்டுகிற திரை கேமையும் காட்டும்.

அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வீடு. டிவி கேம் அண்ணனுடையது. அதில் இரண்டு ரிமோட் இருக்கும். முதலாவதில் ஸ்டார்ட் என்று ஒரு பட்டன் உண்டு, இரண்டாவதில் கிடையாது. இரண்டாவது எனக்கு. அண்ணன் ஆரம்பித்தால் நான் ஆடலாம், அண்ணன் நிறுத்தினால் நானும் நின்றுவிட வேண்டும். இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. பெட்டியிலேயே அப்படித்தான் வந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். ஷூ கம்பெனிக்கும் எங்கள் தெருப் பெண்களுக்கும் நடுவில் இருந்த ஏஜென்ட். ஷூவின் முன்பக்கத்தில் மேல்தோலைச் சுருக்கிச் சுருக்கி வளைத்துச் சேர்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதை மிஷின் தைத்தால் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது, கையால் தைக்க வேண்டும். அந்தத் தோல்களை மூட்டையாகக் கட்டி மாமா காரில் கொண்டுவந்து இறக்குவார். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தைத்து முடித்ததும் திரும்ப எடுத்துப்போவார். மூட்டை எந்த வீட்டுக்கு, எந்த வீட்டுக்கு இல்லை என்பது மாமா கையில். அதனால் எங்கள் வீட்டில் மாமா உட்கார்ந்திருக்கும்போது அப்பாகூட தோல் பதனிடும் டேனரியில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார்.

தைத்ததில் பிசிறு, பள்ளம் எதுவும் இருந்தால் கம்பெனியில் சில்வர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ரிஜெக்ட். அந்த பீசுக்குக் கூலி கிடையாது. அந்தத் தோல் அதைத் தைத்தவள் வீட்டிலேயே கிடக்கும், யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆகவே தைப்பவர்கள் ஒருபோதும் தங்கள் பீசைத் தாங்களே குறை சொல்ல மாட்டார்கள். குறை தெரிந்தாலும் கட்டைவிரலால் தேய்த்து உள்ளே தள்ளி, மூட்டையின் நடுவில் வைத்துவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான்.

கொஞ்ச நாளில் மாமா காருக்குப் பெரிய திரை வாங்கினார். பழையது எங்கள் வீட்டுக்கு வந்தது.

"பாப்பாக்குக் குடு. எதனா ஒடைச்சினு கெடக்கட்டும்" என்றார்.

அதற்குள் அண்ணனுக்கு மொபைல் வந்துவிட்டது. டிவி கேம் கட்டிலுக்கு அடியில் போனது. முதல் ரிமோட்டை அவன் யாரோ தோஸ்துக்குக் கொடுத்து, அது திரும்பி வரவில்லை. எனக்கென்று மிஞ்சியது எனக்குத் தெரிந்த அந்த இரண்டாவதுதான்.

கேம் பெட்டியைத் திறந்த அன்று நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. மீதியெல்லாம் காற்று. தூக்கினால் கனமாக இருக்கட்டும் என்று ஒரு இரும்புத் துண்டை வேறு ஒட்டிவைத்திருந்தார்கள். பிறகு யோசித்தபோது சந்தோஷமாகிவிட்டது. இரும்பையும் காற்றையும் எடுத்துவிட்டால் கையில் அடங்கும்.

திரைக்குக் கார் பேட்டரி அளவுக்கு மின்சாரம் வேண்டும் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பஜாரில் லேப்டாப் ரிப்பேர் செய்கிற பாய் கடைக்குப் போய், தூக்கிப்போடுகிற பேட்டரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, அண்ணனுக்கா?"

"எனக்குத்தான்."

"ஒனக்கு எதுக்கு?"

"கேம் பண்றதுக்கு."

அவர் பேட்டரியைப் பிளந்து உயிரோடிருந்த மூன்று செல்களையும், கேம் பலகைக்கு மின்சாரத்தைக் குறைத்துத் தர ஒரு ரெகுலேட்டரையும் எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு முனையும் ஒண்ணா தொட்டுடாத. பேஜாராய்டும். அண்ணன்கிட்ட சொல்லிடு, இன்னா?"

ஒயர்களைப் பற்றவைக்கச் சால்டரிங் அயர்ன் அப்பா டேனரி எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கி வந்தது. எதற்கென்று அப்பா கேட்கவில்லை. விரல் நுனிகள் வெந்தன. ரிமோட்டின் உள்பலகையைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: ஸ்டார்ட் பட்டனுக்கான இடம் அதிலும் இருந்தது. கோடுகள் வந்து சேர்ந்திருந்தன, தடம் இருந்தது, பட்டன் மட்டும் வைக்கவில்லை. மேல்மூடியிலும் அந்த இடத்தில் ஓட்டை போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாவின் டப்பாவிலிருந்து பித்தளை பிரஸ் பட்டன் ஒன்றை எடுத்து அந்தத் தடத்தின்மேல் வைத்து ஒயர் ஓட்டினேன்.

திரை எரிந்தது. பாட்டு வந்தது. ஸ்டார்ட் அமுக்கினேன், ஆரம்பித்தது.

இதையெல்லாம் அடைக்க ஒரு பெட்டிதான் பிரச்சினை. பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைச் சுட்ட கத்தியால் அறுத்தேன், விரிசல் விட்டது. இன்னொன்றும் அப்படியே. அம்மா தைத்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"குடு இப்டி. எத்தினி டப்பாடீ ஒடைப்ப?"

ரிஜெக்ட் பீஸ்களில் நல்லதாக இரண்டைப் பொறுக்கி, சில்வர் குறியைத் துடைத்தெடுத்தாள். திரைக்கு ஒரு ஜன்னல், பட்டன்களுக்கு ஓட்டை, சார்ஜ் போட ஒரு ஓட்டை, மேலே கேம் கேசட் செருக ஒரு வாய். பிறகு மெழுகு நூலை எடுத்து ஷூ தைப்பதுபோலவே சுருக்கிச் சுருக்கிச் சுற்றிலும் தைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த தையல் அது. திறக்க வழி வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் எதைச் செய்தாலும் ஷூவாகத்தான் முடியும்.

அது கையில் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. புது ஷூ வாசனை. அம்மாதான் முதலில் ஆடினாள்.

"இத அமுக்குனா ஆரம்பிச்சிடுமா?"

"ஆமாம்மா. அமுக்கு."

அமுக்கினாள். முதல் பள்ளத்திலேயே விழுந்தாள். "ச்சீ, போ" என்று என்னிடம் தள்ளிவிட்டுச் சிரித்தாள். பிறகு இன்னொரு முறை கேட்டு வாங்கினாள்.

ஒரு குறை இருந்தது. கொஞ்ச நேரம் ஆடினால் வெயிலில் கிடந்த செருப்புபோலச் சூடாகி, தானாக அணைந்துவிடும். ஆறவிட்டால் மறுபடியும் ஓடும். தோல் சூட்டை வெளியே விடவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்கும் ஓய்வு வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாமா கம்பெனி சாரை அழைத்து வந்தார். புது மாடல் ஷூ வருகிறது, தையல் கொஞ்சம் கஷ்டம், இந்தத் தெருவுக்கு வருமா என்று பார்க்க வந்திருந்தார். சார் அம்மா தைத்த பீசைப் பார்த்தார், பாயில் கிடந்த என்னுடையதையும் பார்த்தார். எடுத்துத் தையலை விரலால் தடவினார். பிறகு பித்தளைப் பட்டனை அமுக்கினார். பாட்டு வந்ததும் அவர் முகம் மாறியது.

"யாரு பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமாவின் கை அண்ணனின் தோளில் இருந்தது.

"நம்ம மாப்ள சார். படிப்புதான் கம்மி. மூளைன்னா மூளை."

"அப்டியா? உள்ள இன்னாப்பா போட்டிருக்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "மூணு செல், ஒரு ரெகுலேட்டர், ரிவர்ஸ் கேமரா ஸ்கிரீன்" என்று படபடவென்று சொல்லிவிட்டேன்.

சார் சிரித்தார். "பரவால்லியே, தங்கச்சிக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும்.

"எம் பையன் பாத்தான்னா விடமாட்டான்" என்றார் சார்.

"எடுத்துனு போங்க சார். இவன் இன்னொண்ணு பண்ணிக்குவான்" என்றார் மாமா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. ஊசியும் நிற்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"அது சரியா வரல சார். சூடாவுது. கொஞ்ச நேரத்துல நின்னுடும். தையல்கூட ஒரு பக்கம் கோணல்."

மாமாதான் சிரித்து மழுப்பினார். "ஆறுனா ஓடும் சார். அதுக்கு இன்னா."

சார் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

நான் செய்ததை அவர் முன்னால் குறை சொன்னாளே என்று அம்மாவிடம் பல நாள் பேசவில்லை. மாமாமேல் வராத கோபம் அவள்மேல் வந்தது. சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லாதவள், இருந்த மதிப்பையும் கெடுத்துவிட்டாள். இப்படித்தான் நினைத்தேன்.

புது மாடல் எங்கள் தெருவுக்கு வந்தது. அண்ணனை டிப்ளமாவில் சேர்க்கக் கம்பெனி உதவியது. அப்புறம் ஒரு நாள் மாமா அந்தத் தோல் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"நின்னு நின்னு போவுதாம். சார் பையன் ஒரே அழுகை. பாருடா மாப்ள."

அண்ணன் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, பேசாமல் என் பக்கம் நகர்த்தினான். மாமா அதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"சரி, நீயே பண்ணிடு பாப்பா. நல்லா பண்ற நீ."

அம்மா தையலைப் பிரித்தாள். நான் உள்ளே ஒரு அலுமினியத் தகட்டை வைத்தேன், அவளுடைய துளை போடும் உளியால் பின்பக்கத் தோலில் வரிசையாக ஓட்டை போட்டேன். அம்மா மறுபடியும் தைத்தாள். போனது. வேறு ஏதோ ஆகி மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறை மாமாவின் கார் சத்தம் கேட்கும்போதும் நான்தான் முதலில் ஓடினேன். சரிபார்க்கிறேன் என்ற பெயரில் ஒரு நாள் முழுக்க அதை வைத்து ஆடலாம். நல்லா பண்ற நீ என்று மாமா சொன்னதை ஸ்கூலில் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. நடந்த எல்லாவற்றிலும் இன்றைக்கும் கசப்பது அதுதான்.

பத்தாவது முடித்ததும் நானும் டிப்ளமா என்றேன். "ஒரு வூட்டுக்கு ஒண்ணு போதும்" என்றார் மாமா. "பொண்ணு அக்கவுண்ட்ஸ் படிச்சா கம்பெனி ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காரலாம்." அண்ணன் டிப்ளமாவைப் பாதியில் விட்டுவிட்டு இப்போது ஓசூரில் மொபைல் ஷோரூமில் நிற்கிறான். நான் பி.காம் படிக்கிறேன். தேய்மானம் கணக்கிடுவது எப்படி என்று கரும்பலகையில் எழுதிப்போடும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் சர்க்யூட் வரைந்துகொண்டிருக்கிறேன்.

அம்மா அன்று சொன்னது புரிய எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. அதுவும் தானாகப் புரியவில்லை. போன வாரம் டிஸ்க் போட்டு ஆடும் பழைய கேம் பெட்டி ஒன்று கிடைத்தது. பிளந்து பார்த்தேன். இதன் பலகை பெரியது, கையில் அடங்க வேண்டுமென்றால் ரம்பத்தால் அறுக்க வேண்டும். எங்கே அறுக்கலாம், எங்கே அறுத்தால் செத்துவிடும் என்று பலகைமேல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பார்வை முன்போல இல்லை, ஊசியில் நூலை நான்தான் கோர்த்துக் கொடுக்கிறேன். இருந்தாலும் உறைக்கு நல்ல கறுப்புத் தோலாக ஒன்றை எடுத்து அளவு பார்த்தாள்.

"சுத்தித் தைக்காதம்மா. இந்த வாட்டி திருகாணி வெக்கிறேன். தொறக்கணும்" என்றேன்.

"சரி" என்றாள்.

தெருவில் மாமாவின் கார் ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது. அம்மா அவசரப்படவில்லை. தோலில் அளவு குறிக்க வைத்திருக்கும் சில்வர் பேனாவை எடுத்தாள். இன்னும் வெட்டவே வெட்டாத அந்தத் தோலின் நடுவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, என் மடியில் வைத்தாள்.

"அன்னிக்கே போட்டிருக்கணும்" என்றாள். "வாயால சொன்னேன். எடுத்துனு போய்ட்டானுங்க."

குறி போட்டதை எங்கள் வீட்டிலிருந்து யாரும் எடுத்துப்போவதில்லை. மாமா உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், குறியைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, ரிஜெக்டா?"

"ஆமா மாமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பலகையை அறுக்கப்போகிறேன். அந்தக் குறி வெளிப்பக்கம் தெரிகிற மாதிரிதான் உறை தைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.