துண்டுக்குள் முடிந்த விலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பழைய கார் ஒன்று வாங்க ஓசூருக்குக் கிளம்பியபோது, விலை பேச நான் கூட்டிப்போனது குந்தாரப்பள்ளிச் சந்தையின் மாட்டுத் தரகரை. எனக்குப் பேரம் பேச வராது. அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முறுக்கு மீசை, சிவப்புக் கடுக்கன், தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. காரைச் சுற்றி வந்தவர், குனிந்து அது நின்ற தரையைப் பார்த்தார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. "வயிறு சுத்தமா இருக்குது," என்றார்.

விற்பவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். சிடுசிடு முகம். ஐயாயிரத்தில் ஒரு ரூபாய் குறையாது என்றார். என்னிடம் இருந்ததே நாலாயிரம். தரகர் சந்தை வழக்கப்படி அவர் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டார். உள்ளே விரலை அழுத்தித்தான் விலை சொல்வார்கள். ஹெட்மாஸ்டருக்கோ கை கூசியது. நெளிந்து நெளிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"விடுய்யா! உன் விலைக்கே எடுத்துக்கோ!"

என்ன விலை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நாலாயிரம்," என்றார் தரகர்.

திரும்பும்போது கேட்டேன்: "எத்தனை விரல் அழுத்தினீங்க?"

"எங்க அழுத்தறது? தொட்டதுமே சிரிச்சிட்டாரே!"

"அப்போ மூவாயிரம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் சாமி. அப்படிச் சிரிக்கிற மனுசன்கிட்ட மனசு வரல."

கோபித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். சூளகிரி வருவதற்குள் நானும் சிரித்துவிட்டேன். ஆயிரம் ரூபாய் போனதில் அப்படி என்ன சந்தோஷம் என்று இன்றுவரை விளங்கவில்லை.