கடல் பார்க்கப் போன பூஞ்சை

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் திருக்கோகர்ணத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவன் ஆவூர்க்காரன், நான் பொன்னமராவதி மளிகைக் கடைக்காரர் மகன். ஆசிரியர், வளர்ப்பு வாகாக இருந்தால் சிவக்கக்கூடிய ஒரே வெள்ளைப் பூஞ்சையைக் கிள்ளி ஆளுக்கொரு புட்டியில் போட்டுக் கொடுத்தார்.

"எவனோடது நல்லாச் செவக்குதோ அவனை மெட்ராஸ் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு மெட்ராஸ் வேண்டும். நான் பார்த்தேயிராத கடல் வேண்டும். அதைவிட, அவன் போகாமலிருக்க வேண்டும்.

அவன் நீர்த்த கஞ்சியில் வளர்த்து, ஜன்னலில் வைத்தான். எங்கள் வீட்டில் நோஞ்சான் பிள்ளையானாலும், கன்று ஈன்ற மாடானாலும், இனிப்பைக் கூட்டுவதுதான் வைத்தியம். கெட்டிக் கஞ்சியில் கடைச் சீனியை அள்ளிக் கரைத்தேன். அவன் கண் பட்டுவிடக் கூடாதே என்று புட்டியை டிரங்குப் பெட்டிக்குள் பூட்டினேன்.

என்னுடையது பொங்கியது, இலவங்காய் வெடித்தாற்போல. அவனுடையது மெலிந்த படலம், கிழிந்த பாய். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு ஒரு காலையில் அந்தப் பாயின் ஓரம் வெற்றிலை போட்ட உதடாயிற்று.

"மாப்ள, இங்கிட்டு வந்து பாருடா, எம்புட்டுச் செவப்பு!"

"சாயம் ஏதும் ஊத்துனியா?"

"சீனி போடலாம்னுதான் பாத்தேன். ஊர்ச் சீனி பூராவும் ஒன் பெட்டிக்குள்ளல்ல விருந்து சாப்புடுது!"

வயிறு எரிந்தது. தூங்குகிற அவன் முகத்தில்கூட அந்தச் சிவப்பு இருப்பதாகப் பட்டது. மறுபடி புதுப் புட்டி, இன்னும் சீனி, அதே பூட்டு. வெள்ளை தடித்தது. வெள்ளையாகவே தடித்தது.

ஆசிரியர் இரண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"வெளிச்சமும் வேணும், அரை வயித்துப் பசியும் வேணும் போல. இதையும் கொண்டு போவோம். இந்த வெள்ளை பக்கத்துல இருந்தாத்தான் அது ஏன் செவந்துச்சுன்னு பாக்குறவங்களுக்கு வெளங்கும்."

ஓரடி முன்னால் வந்தேன். "நானும் வாரேன் சார்."

"புட்டி போதும்ப்பா. அவன் எடுத்துட்டு வருவான்."

ரயில் ஜன்னலில், மடியில் இரண்டு புட்டிகளோடு அவன் உட்கார்ந்திருந்தான்.

"ஒன்னோடதைப் பத்திரமாப் பாத்துக்கிறேன் மாப்ள," என்றான். கேலி துளியும் இல்லை. இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

வண்டி நகர்ந்தது. அதுவரை அவன்மேல் எரிந்த வயிறு, அந்த நொடியில் என் பூஞ்சையின்மேலும் எரிந்தது. என் வீட்டுச் சீனியைத் தின்று கொழுத்தது, அவன் மடியில் சாய்ந்தபடி கடல் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.